மரம் கல்லாவது எப்படி? கல்லான பிறகு அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

எத்தனை லட்சம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் காலம் மட்டும் எதையும் கல்லாக்காது. உயிர் போன பிறகு வரும் முதல் சில வாரங்கள், மாதங்கள்தான் பெரும்பாலும் அதன் கதியை முடிவு செய்கின்றன. அழுகுவதற்குள் வண்டல் மூட வேண்டும், காற்று எட்டக்கூடாது, அதன்பின் தாது கரைந்த தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஒன்றும் மிஞ்சாது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தையே எடுத்துக்கொள்வோம். 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளியுலகுக்குத் தெரிவித்தார். மரம் இருப்பது கடலடியில் படிந்த பாறையில், கடல் சிப்பிகளுக்கு நடுவே! ஆற்றோடு வந்து, கடலில் மிதந்து, நீர் ஊறிக் கனத்து மூழ்கி, வண்டலுக்குள் புதைந்திருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பகுதியில் கடல் இருந்தது.

மரத்துக்குள் போவது சிலிக்கா, மணலில் உள்ள அதே தாதுப்பொருள். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரையும் சிலிக்கா அதிகபட்சம் சுமார் 120 மில்லிகிராம்தான். மரத்தின் செல்சுவர் லிக்னின், செல்லுலோஸ் என்ற பொருள்களால் ஆனது; அவற்றில் சிலிக்கா ஒட்டிப் படிகிறது. முதலில் சுவர், பிறகு செல்லின் உள்வெளி. ஆரம்பத்தில் ஓப்பல் என்ற நீர் கலந்த சிலிக்காவாக இருப்பது காலப்போக்கில் குவார்ட்ஸ் என்ற படிகமாக மாறுகிறது. வரிசை இப்படி அமைந்தால் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி நுண்ணோக்கியில் வைத்துச் செல்களை எண்ணலாம். ஊசியிலை மரமா, பூக்கும் மரமா என்று பிரித்துச் சொல்லலாம். சிலிக்கா வருவதற்குள் பூஞ்சை சுவரைத் தின்றுவிட்டால் வெளி வடிவம் மட்டுமே மிஞ்சும், அடையாளம் சொல்ல வழியில்லை. சிலிக்கா தாராளமாகக் கிடைத்தால் வேலை வேகமாகவும் நடக்கும். ஜப்பானின் டடேயாமா வெந்நீர் ஊற்றில் போட்டுவைத்த ஆல்டர் மரத்துண்டுகளின் எடையில் 40 சதவீதம் வரை ஏழே ஆண்டுகளில் சிலிக்காவாகியிருந்தது.

ஓடுகளின் கதை வேறு. அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, அற்றுப்போன கடலுயிரி. அதன் சுருள் ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகையால் ஆனது, எளிதில் கரைந்துவிடும். அதனால் பல இடங்களில் நம் கையில் கிடைப்பது ஓடே இல்லை, உள்ளே புகுந்து இறுகிய சேற்றின் அச்சு. கால்சைட் என்ற, எளிதில் கரையாத சுண்ணாம்பு வகையால் ஆன ஓடுள்ள சிப்பிகள் அப்படியே நிலைக்கும். ஆகவே ஓரிடத்தில் சிப்பி மட்டும் கிடைக்கிறது என்பதற்காக அந்தக் கடலில் வேறு எதுவும் வாழவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அதே பெரம்பலூர் மாவட்டத்தின் காரை பகுதியில் களிமண் மேடுகளில் பளபளக்கும் ஜிப்சத்தைப் பார்த்திருப்பீர்கள். களிமண்ணில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) காற்றுப் பட்டு ஆக்சிஜனேறினால் கந்தக அமிலம் உண்டாகும். அது ஓட்டின் சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அருங்காட்சியகப் பெட்டிக்குள்ளும் இதே அழிவு தொடங்கும்.

அதே காரையில் துப்பாக்கித் தோட்டா போலக் கிடப்பவை பெலம்னைட்டுகள், கணவாய் மீனின் தூரத்து உறவுகள். என்னைக் கேட்டால் தொல்லுயிர் எச்சங்களிலேயே அதிகம் பேசுபவை இவைதான். இவற்றின் உடலில் இருந்த கடினப் பகுதி கால்சைட்டால் ஆனது. கடல்நீர் குளிரக் குளிர அதில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகை கூடும். ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். 1951இல் அமெரிக்க வேதியியலாளர் ஹரால்ட் யூரியின் குழுவினர் ஜுராசிக் காலப் பெலம்னைட் ஒன்றை வளையம் வளையமாகச் சுரண்டி அளந்தார்கள். இளம்பருவம் கழிந்தபின் அது மூன்று கோடையும் நான்கு குளிர்காலமும் கண்டு, சுமார் நான்கு வயதில், ஒரு வசந்தத்தில் இறந்தது என்பது வரை தெரிந்தது. ஆனால் கால்சைட் பின்னாளில் மறுபடிகமாகியிருந்தால் கணக்கு பொய்க்கும். எலக்ட்ரான் கற்றையில் வைத்தால் பழுதான பகுதி மாங்கனீசால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதை ஒதுக்கிவிட்டே அளக்க வேண்டும்.

வயதைக் கணக்கிடக் கதிரியக்கக் கார்பன்-14 உதவாது. அதன் எல்லை ஏறத்தாழ 50,000 ஆண்டு. இங்கே அடுக்குகளின் வயதைச் சொல்ல அம்மோனைட் இனங்கள் பெரிதும் உதவுகின்றன. பல இனங்கள் குறுகிய காலமே வாழ்ந்தன, பரவலோ மிகப் பரந்தது.

உருண்டைக் கல்லெல்லாம் டைனோசர் முட்டை ஆகாது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளை அப்படிச் சொல்லிச் செய்தி பரவியது. அம்மோனைட்டைச் சுற்றித் தாது திரண்டு உருவான உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். மெய்யான முட்டையின் ஓட்டைச் சீவிப் பார்த்தால் அடுக்கடுக்கான கால்சைட் தூண்களும் காற்றுத் துளைகளும் தெரியும்.

அரியலூர் பக்கம் கல்லமேட்டில் 1980களில் விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரின் பிரம்மாண்ட எலும்புகள் இன்று இல்லை. நொறுங்கிப் போய்விட்டன, படங்களே மிச்சம். நலிந்த எலும்பைச் சுற்றிலும் தோண்டி, ஈரக் காகிதம் போர்த்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சாக்குத்துணியைச் சுற்றி, மண்ணோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் எதையாவது கண்டால் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்; இடம், எந்த அடுக்கு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் குறித்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். அடுக்கு தெரியாத எச்சத்தை வைத்து வயதும் சொல்ல முடியாது, அது வாழ்ந்த சூழலும் சொல்ல முடியாது.