ஆற்றோர ரயில் தடத்தில் வாடகை சைக்கிள்: எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்?

கேள்வி: நானும் கணவரும் பதினொரு வயது மகளும் அடுத்த மாதம் சுற்றுலா போகிறோம். அங்கே ஆற்றை ஒட்டி ஓடிய பழைய ரயில்பாதையைச் சைக்கிள் தடமாக மாற்றியிருக்கிறார்கள். மொத்தம் 40 கி.மீ. வாடகை சைக்கிள் எடுத்து ஒரு பகல் முழுக்க நிதானமாக ஓட்ட ஆசை. மூவருக்குமே தினசரி ஓட்டிப் பழக்கமில்லை. முழுத் தூரமும் போய்வர முடியுமா? கடையில் எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

பதில்: முழுத் தூரமும் போய்வர நினைக்காதீர்கள். பழக்கமில்லாதவர்கள் இப்படிப்பட்ட தடத்தில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம். அந்தக் கணக்கில் 80 கி.மீ. ஓட்டவே ஏழு மணி நேரம் ஆகிவிடும். சாப்பிடவும் ஆற்றங்கரையில் உட்காரவும் நேரமே இருக்காது. போக 13, வர 13 என்று 26 கி.மீ. அளவில் வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்கும் நிதானம் கிடைக்கும்.

தூரத்தைவிட, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வது முக்கியம். சைக்கிளை எத்தனை மணிக்குக் கடையில் விட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காலை 10 மணிக்கு எடுத்து மாலை 4 மணிக்குள் விட வேண்டும் என்றால், எதிர்பாராத தாமதத்துக்காக அரை மணி நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் ஐந்தரை மணி நேரம். அதில் சரிபாதியில் திரும்பக் கூடாது. வரும்போது கால் சோர்ந்திருக்கும், குழந்தை அடிக்கடி நிற்கச் சொல்லும். 12.15 ஆனதும், எங்கே இருந்தாலும் சரி, சைக்கிளைத் திருப்பிவிடுங்கள். ‘அந்தப் பாலம் வரைக்கும் மட்டும்’ என்று போனவர்கள்தான் கடைசி ஒரு மணி நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்தே ஓட்டுகிறார்கள்.

அடுத்தது, எந்தப் பக்கம் போவது. ரயில்பாதை என்றாலே சமதளம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மெல்லிய சரிவு இருக்கும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு, செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது. அதனால் பெரும்பாலான பாதைகளில் சரிவு 2 சதவீதத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆறு ஏற்கெனவே மலையை அறுத்து மெல்லிய சரிவில் வழி போட்டு வைத்திருந்ததால், அதை ஒட்டியே தண்டவாளம் போட்டார்கள். ஆகவே உங்கள் தடமும் ஆறு போகும் திசையில்தான் இறங்கும்.

1 சதவீதச் சரிவு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர் ஏற்றம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் காலுக்குத் தெரியும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த 1 சதவீதம் கொடுக்கும் எதிர்ப்பு, பொடிக்கல் பாதையில் டயர் உருள்வதால் வரும் எதிர்ப்புக்கு ஏறக்குறைய சமம். சமதளத்தில் மிதிப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உழைக்க வேண்டியிருக்கும். எனவே காலையில் தெம்பாக இருக்கும்போது ஆற்றுக்கு எதிராக ஏறிப் போய், சாப்பாட்டுக்கு அப்புறம் ஆற்றோடு இறங்கி வாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அது காற்று. மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறு என்றால், வெயில் ஏறிய பிறகு காற்று பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே வீசுவது வழக்கம். நீங்கள் இறங்கி வரும் நேரத்தில் அது முகத்தில் அடிக்கும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்காற்றும் வீசினால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். 1 சதவீத இறக்கம் தரும் உதவியை அது விழுங்கிவிடும். என் கருத்தில் ரயில் தடத்தில் சரிவைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். முந்தைய நாள் இரவு வானிலையைப் பாருங்கள். பிற்பகலில் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் எதிர்காற்று இருக்கும் என்றால் திரும்பும் நேரத்தை இன்னும் அரை மணி முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஒரே திசையில் பலமாக அடிக்கும் என்றால், சரிவை மறந்துவிட்டு, போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள்.

40 கி.மீ. முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பல கடைகளில் ஆட்களையும் சைக்கிள்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மேல்முனையில் விடுவார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் முதல் கம்பர்லேண்ட் வரை 240 கி.மீ. நீளும் ‘கிரேட் அலெகெனி பேசேஜ்’ தடத்தில் இது சகஜம். கம்பர்லேண்டிலிருந்து சுமார் 38 கி.மீ.யில் 540 மீட்டர் ஏற வேண்டும். அதனால் பலர் மேலே வண்டியில் போய் இறக்கத்தை மட்டும் ஓட்டுகிறார்கள். உங்கள் கடையிலும் விசாரியுங்கள். ஆனால் வண்டிப் பயணம் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். மாலையில் வந்து அழைத்துக்கொள்கிறோம் என்ற ஏற்பாடு வேண்டாம், அந்த நேரத்தைப் பிடிக்கவே ஓட வேண்டிவரும்.

கடையில் முதல் வேலை சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நீண்டு நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது அது லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் முட்டி வலிக்கும். மகளுக்கு மட்டும் கொஞ்சம் தாழ்த்தி, இரண்டு கால் விரல்களும் தரையைத் தொடும்படி வையுங்கள். அவள் விரல்களுக்கு பிரேக் எட்டுகிறதா, அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடாமல் இறுகப் பிடிக்கிறதா என்று அவளையே அழுத்தச் சொல்லிப் பாருங்கள். வாடகை சைக்கிளில் பெரியவர்கள் சோதித்துவிட்டுக் குழந்தையிடம் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

ஜல்லியை எடுத்துவிட்டுக் கிரஷர் தூள் மாதிரியான பொடிக்கல்லை இறுக்கிப் போட்ட தடம்தான் அதிகம். அதற்கு 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான டயர் வேண்டும். அளவு டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். மெல்லிய டயர் பொடியில் புதைந்து வழுக்கும். பம்பும் மாற்று ட்யூபும் தருவார்களா, பாதி வழியில் பஞ்சரானால் வருவார்களா என்பதையும் கேளுங்கள். பேட்டரி சைக்கிள் வேண்டுமென்றால் அந்தத் தடத்தில் அனுமதி உண்டா என்று முதலில் உறுதி செய்யுங்கள். முட்டி வலி உள்ளவருக்கு அது நல்லது, மற்றபடி இந்தச் சரிவுக்குத் தேவையில்லை.

தடத்தில் சுரங்கப்பாதை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள எல்ராய்–ஸ்பார்ட்டா தடத்தில் மூன்று சுரங்கங்கள், அவற்றில் நீளமானது 1 கி.மீ.க்கும் மேல். உள்ளே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இப்படிப்பட்ட சுரங்கங்களில் கோடையிலும் குளிரும், மேலிருந்து நீர் சொட்டும். மேல்சட்டை ஒன்றும் சைக்கிளில் பொருத்திய விளக்கும் தேவை. சாலை குறுக்கிடும் இடங்களில் தடத்தின் நடுவே கம்பம் நட்டிருப்பார்கள். பேசிக்கொண்டே வருபவர்கள் அதில் மோதுவது உண்டு, அங்கே வரிசையாகப் போங்கள். மகள் முன்னால், ஒருவர் அவள் பின்னால். வேகத்தை அவளே தீர்மானிக்கட்டும்.

தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஆற்று நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் பலத்த மழை பெய்திருந்தால், தடத்தைப் பராமரிப்பவர்கள் வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தாழ்வான பகுதிகளில் வெள்ளம் ஏறியிருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம். தடம் திறந்திருந்தாலும் நனைந்த மரப்பலகைப் பாலங்களில் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக மெதுவாகக் கடந்துவிடுங்கள்.