பனியில் ஆல் வீல் டிரைவ் கார் ஓட்டுவது நிஜமாகவே ஜாலியா, இல்லை வெறும் பில்டப்பா?

ஜாலிதான். எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. நீங்கள் காரைக்குடிக்காரர், வேலைக்குக் கனடாவில் மாண்ட்ரியல் போகிறீர்கள், அங்கே பழைய கார் ஒன்று வாங்கப் போகிறீர்கள், ஆல் வீல் டிரைவ், அதாவது இன்ஜின் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற வண்டி, எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு எடுத்ததற்கு "நாலு சக்கரம் இழுத்தா என்ன, ரெண்டு சக்கரம் இழுத்தா என்ன, வண்டி போனா சரி" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள் என்று கேள்விக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. நான் தேவகோட்டைக்காரி. கல்யாணமாகி நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்தில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது காரைக்குடிக்குத் திரும்பியிருக்கிறேன். அங்கே இருந்தவரை பனிக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஸ்டியரிங் என் கையில்தான்.

எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் ஒருவர் இது வெட்டிச் செலவு என்கிறார். இன்னொருவர் ஆல் வீல் டிரைவ் இருந்தால் பனியாவது ஒன்றாவது, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார். இரண்டையும் நம்பாதீர்கள், இரண்டாவதை முக்கியமாக நம்பாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு வேகம் வருவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் அம்பாசிடர் இருந்தது. சித்திரையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது அண்ணன் அதில்தான் வண்டி பழகினான். அந்த வண்டியில் பின் சக்கரம்தான் இழுக்கும், காய்ந்த கண்மாய்ப் புழுதியில் திருப்பினால் பின்பக்கம் அழகாக ஒதுங்கும், அவன் சிரித்துக்கொண்டே மறுபடி மறுபடி செய்வான். நான் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அப்பச்சியிடம் கேட்டதற்கு, "உனக்கெதுக்கு ஆத்தா, வர்றவன் ஓட்டுவான்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆசை எனக்குள் அப்படியே கிடந்தது. கடைசியில் லைசென்ஸ் எடுத்தது பஃபலோவில்தான்.

பஃபலோ பனி சாதாரணப் பனி இல்லை. ஊர் ஈரி ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் ஏரித் தண்ணீர் இன்னும் உறையாமல் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது மேலே கடுங்குளிர் காற்று அடித்தால், நம் ஊருக்கு ஐப்பசி கார்த்திகையில் கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு மழை வருகிற மாதிரி, அந்தக் காற்று ஏரி ஈரத்தை அள்ளிவந்து கரையில் பனியாகக் கொட்டும். அதுவும் ஒரு பட்டையாகத்தான் கொட்டும். நகரத்தின் வடக்கே வெயில் அடிக்கும், தெற்கே ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பக்கம் கதவைத் திறக்க முடியாது. 2022 நவம்பரில் அந்தப் பகுதியில் சில நாளில் 80 அங்குலம் வரை கொட்டியது. அடுத்த மாதமே கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த பனிப்புயலில் பல பேர் செத்துப்போனார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டது. அந்த மாதிரி நாளில் எந்த வண்டி வைத்திருந்தாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும், நான் சொல்லப்போகும் ஜாலி அந்த நாளுக்கானது இல்லை.

நாங்கள் வைத்திருந்தது பழைய சுபாரு இம்ப்ரெஸா, கையால் கியர் போடுகிற வண்டி. அதில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு, இன்ஜினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கும், முன்னோ பின்னோ ஒரு பக்கம் சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற விஸ்கஸ் கப்ளிங் என்கிற கெட்டித் திரவம் நிரப்பிய இணைப்பு இறுகி மற்ற பக்கத்துக்கு இழுவையைத் தள்ளும். ஊரில் ஜீப் வைத்திருக்கிற மாமா யாராவது "இதுதான்டா அதுவும்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார். அது வேறு. ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், திருப்பத்தில் இரண்டும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் உள்ளே முறுக்கிக்கொண்டு கியர் பெட்டிக்குச் சேதம். சேற்றில், மணலில் சரி. மாண்ட்ரியலில் ஒரே தெருவில் பாதி தார், பாதி பனி என்று இருக்கும், அங்கே எப்போதும் போட்டே ஓட்டக்கூடிய ஆல் வீல் டிரைவ்தான் சௌகரியம்.

சரி, ஜாலிக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் மரச்சாமான் கடை ஒன்று, அதற்குப் பின்னால் பெரிய முற்றம் மாதிரி காலி இடம், விளக்குக் கம்பம்கூட ஓரத்தில்தான். கடைக்காரரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது பனியில் வண்டி பழகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சுவர் ஓரம் மட்டும் போகாதே என்றார். கேட்காமல் எந்த இடத்திலும் செய்யாதீர்கள், போலீஸ் வரும், தனியார் இடம் என்றால் இன்னும் தலைவலி.

ஒரு சாண் உயரத்துக்குப் புதுப்பனி, மேலே ஒரு கால்தடம் இல்லை. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன், அது இருந்தால் வழுக்க ஆரம்பித்ததுமே வண்டி தானாகப் பிரேக் பிடித்து நம்மைக் காப்பாற்றிவிடும், கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தேன். நாலு சக்கரமும் ஒன்றாகப் பனியைக் கடித்துக் கிளம்புகிற அந்த உணர்வை இருந்த இடத்திலேயே இடுப்பில் உணரலாம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது, மூக்கு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லோரும் அங்கேதான் பயந்து இன்னும் திருப்புவார்கள். அப்படிச் செய்யாமல் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை லேசாக எடுத்தால் பாரம் முன்னால் சாயும், முன் டயருக்குப் பிடி கிடைக்கும், மூக்கு உள்ளே வரும், பின்பக்கம் வெளியே ஒதுங்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டு மறுபடி ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், நாலு சக்கரமும் இழுக்க, முழு வண்டியும் பக்கவாட்டில் மிதந்துகொண்டே வட்டம் போடும். நீங்கள் போகிற திசை முன் கண்ணாடியில் தெரியாது, பக்கத்துக் கதவுக் கண்ணாடியில் தெரியும். எங்கே போக வேண்டுமோ அங்கே பார்க்க வேண்டும், சுவரைப் பார்த்தால் சுவருக்குத்தான் போவீர்கள்.

இத்தனையும் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில். அதுதான் இதில் இருக்கிற பெரிய அழகு என்று நான் நினைக்கிறேன். காய்ந்த ரோட்டில் ஒரு வண்டி பிடி இழந்து ஒதுங்க வேண்டுமென்றால் உயிருக்கு ஆபத்தான வேகம் வேண்டும், அந்த வேகத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. பனி அதே பாடத்தை சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து நிதானமாக நடத்துகிறது. டயர் எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. விளையாட்டும் பயிற்சியும் இங்கே ஒன்றுதான், பிரிக்க முடியாது.

அதற்கடுத்த குளிர்காலம் அம்மான் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர்கள், ஆயுள் முழுக்க வண்டி ஓட்டியவர்கள். பனி பார்க்க வேண்டும் என்றார்கள், தெற்கே ஒரு மணி நேரத்தில் எலிகாட்வில் என்று பனிச்சறுக்கு மலை உள்ள ஊருக்குக் கூட்டிப்போனோம். நான் டிரைவர் சீட்டில் ஏறும்போதே "நீ ஏன் ஆத்தா, மாப்பிள்ளை ஓட்டட்டுமே" என்றார்கள். என் கணவர் "பனியில அவதான் அம்மான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். திரும்பும்போது கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு ஏற்றத்தில் முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக நின்று, மறுபடி எடுக்க முடியாமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தன. நான் கீழேயே நல்ல இடைவெளி விட்டு நின்று, முன்னால் வழி விட்டதும் இரண்டாவது கியரில் ஒரே சீராக, நடுவில் நிற்காமல், ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமல் குறைக்காமல் ஏறினேன். அம்மான் மேலே இருக்கிற கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்கள், உச்சிக்கு வந்ததும் கையை எடுத்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மரச்சாமான் கடை முற்றத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டியபோது சத்தமாகச் சிரித்துவிட்டு, "இன்னொரு தடவ போடு ஆத்தா" என்றார்கள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் எந்தப் பரிசிலும் கிடைத்ததில்லை.

இப்போது, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற அந்தப் பதிலுக்கு வருகிறேன். ஆல் வீல் டிரைவ் கிளம்புவதற்கு உதவும், ஏறுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது, பிடிப்பது டயர். சுலபமாகக் கிளம்பிவிடுவதால் ரோடு நன்றாக இருக்கிறது என்று ஏமாந்து வேகம் கூட்டுகிறவர்கள் நிறைய. பனி நாளில் பள்ளத்தில் கிடக்கிற பெரிய பெரிய ஃபோர் வீல் வண்டிகளைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் ஐஸ் மேல் மெல்லிய தண்ணீர் படலம் நின்று மிக மோசமாக வழுக்கும், கடுங்குளிரில் உண்மையில் பிடி கொஞ்சம் கூடுதல். பாலத்துக்குக் கீழேயும் காற்று அடிப்பதால் ரோட்டுக்கு முன்னால் பாலம் உறைந்துவிடும், பார்த்தால் வெறும் ஈரத் தார் மாதிரிதான் தெரியும்.

அதனால் பணத்தை முதலில் டயரில் போடுங்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துவிடும், குளிர்கால டயரின் ரப்பர் மெத்தென்றே இருக்கும், அதன் மேல் இருக்கிற நுண்ணிய கீறல்கள் பனியைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம், மாண்ட்ரியல் அந்த மாகாணம்தான், எனவே உங்களுக்கு வேறு வழியும் இல்லை. சாதாரண டயர் போட்ட ஆல் வீல் டிரைவா, குளிர்கால டயர் போட்ட முன்சக்கர இழுவைக் காரா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். இரண்டும் சேர்ந்தால் எடுத்துவிடுங்கள், யோசிக்காதீர்கள். பழைய வண்டி என்பதால் அடிப்பக்கம் துரு பாருங்கள், ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், அது வண்டியைக் கீழிருந்து தின்றுவிடும்.

இதைப் படித்துவிட்டு பொறுப்பில்லாமல் எழுதுகிறாள், பெட்ரோலை எரித்து விளையாடச் சொல்கிறாள் என்று யாராவது கருத்து போடுவீர்கள். பொது ரோட்டில் செய்யச் சொல்லவில்லை, அனுமதி வாங்கிய காலி இடத்தில் என்று மறுபடி சொல்கிறேன். அங்கே பழகியதால்தான் அந்த ஏற்றத்தில் என் வண்டி நிற்கவில்லை. வசதி உள்ளவர்கள் பேச்சு என்றும் சொல்லலாம். எங்களுடையது மூன்றாம் கை வண்டி.

ஊருக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ குடும்பத்தோடு கிளம்பினால் என் சொந்தக் காருக்கு என்னைக் கேட்காமலே ஆக்டிங் டிரைவர் சொல்லிவிடுகிறார்கள். பகலில், காய்ந்த ரோட்டில், பதினைந்து இருபது நிமிஷ தூரத்துக்கு. சொன்னால் கோபித்துக்கொள்கிறேன் என்கிறார்கள். இதுவாவது பரவாயில்லை. எங்கள் பெரிய வீட்டு வண்டிக்கொட்டகையில் ஐயா காலத்து ஆஸ்டின் கார் ஒன்று நின்றது. நான் வெளிநாட்டில் இருந்தபோது பங்காளிகள் கூடிப் பேசி அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அண்ணனுக்குத் தகவல் போயிருக்கிறது, எனக்கு இல்லை, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். அதே வருஷம் இரண்டாங்கட்டுத் தேக்குக் கதவு இரண்டும் போயிருக்கிறது. நான் பணம் கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. விற்கிறோம் என்று ஒரு போன் போட்டிருந்தால் அந்த வண்டியை நானே வாங்கியிருப்பேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் கார் என்று வந்தால் எனக்கு இது வராமல் இருக்காது.

உங்கள் விஷயத்துக்கு இன்னும் கொஞ்சம். குளிர் ஏற ஏற டயரில் காற்று தானாகக் குறையும், சுமார் ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ, மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். முதல் பனி விழுந்த வாரமே காலி இடம் ஒன்றைப் பிடித்து, முதலில் வட்டம் போட முயற்சி செய்யாமல், 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுதாக அழுத்தி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் காலுக்குக் கீழே தடதடவென்று அடிக்கும், காலை எடுக்காதீர்கள். தளர்ந்த பனியில் நீங்கள் நினைத்ததைவிட நிறைய தூரம் போகும். அந்தத் தூரம் மனதில் பதிந்த பிறகு மற்றதைச் செய்யுங்கள். பக்கத்தில் உட்கார நிதானமான ஆளாகக் கூட்டிப்போங்கள், கத்துகிற ஆள் வேண்டாம்.