வாட்ச் கேள்வி-பதில்: சாவி ஏறவில்லையா, ஓட்டம் தவறுகிறதா?

கேள்வி: வாப்பாவுக்கு மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5 ஆட்டோமேட்டிக். உள்ளே 7எஸ்26 மெஷின். ராத்திரி கழற்றி வைத்தால் சுபுஹு தொழுகைக்கு முன்பே நின்றுபோகிறது. கிரௌனை (பக்கவாட்டுத் திருகை)ச் சுற்றினாலும் பலனில்லை. பேட்டரி மாற்ற வேண்டுமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: இதில் பேட்டரியே கிடையாது. கை அசையும்போது ரோட்டார் என்ற அரைவட்ட எடை சுழலும். அதன் அடியில் இரண்டு நகங்கள் உள்ள லீவர் ஒன்று உண்டு. ரோட்டார் எந்தப் பக்கம் போனாலும் ஒரு நகம் இழுக்கும் அல்லது மற்றது தள்ளும். சக்கரம் ஒரே திசையில்தான் நகர்ந்து ஸ்பிரிங்கை முறுக்கும். சீக்கோ 1959-ல் கொண்டுவந்த மேஜிக் லீவர் இதுதான். 7எஸ்26-ல் கிரௌன் மூலம் சாவி கொடுக்கும் வசதி இல்லை. அது தேதியும் நேரமும் வைக்க மட்டுமே.

கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் ஓடியாடி வேலை செய்பவர் யாராவது ஒரு பகல் முழுக்கக் கட்டிக்கொள்ளட்டும். இரவு 9 மணிக்குக் கழற்றி, முகம் மேலே இருக்கும்படி வையுங்கள். நிறைந்த ஸ்பிரிங் சுமார் 40 மணி நேரம் ஓட்டும். மறுநாள் முழுக்க ஓடி, அதற்கடுத்த நாள் நண்பகல் தாண்டினால் வாட்சில் குறையில்லை; வாப்பாவின் கை அசைவு போதவில்லை, அவ்வளவே. படுக்குமுன் இரண்டு நிமிடம் பக்கவாட்டில் ஆட்டி வைக்கச் சொல்லுங்கள். கிரௌனிலும் சாவி கொடுக்கலாம் என்றால்தான் வசதி என நினைத்தால் 4ஆர்36 மெஷின் உள்ளதாகப் பாருங்கள்.

15, 20 மணி நேரத்தில் நின்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ரோட்டாருக்கு அடியில் தெரியும், ஸ்பிரிங்கை முறுக்கும் ராட்செட் சக்கரத்தின் ஸ்குரூவைத் திருப்பி அவர் நேரடியாக ஸ்பிரிங்கை நிறைக்கட்டும். அப்படி நிறைத்தபின் 40 மணி நேரம் ஓடினால் குறை சாவி ஏறும் பக்கத்தில்தான்: லீவர் நகம் தேய்ந்திருக்கும், அல்லது ரோட்டார் பேரிங் தளர்ந்திருக்கும். பின்மூடியின் உட்புறம் வளைவாகக் கீறல் விழுந்திருந்தால் பேரிங்தான். நிறைத்தும் சீக்கிரம் நின்றால், ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாவான பேரலைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரலில் மாட்டப்படுவதில்லை. நிறைந்ததும் சுவரில் வழுக்கும், அதனால்தான் அதிகமாக முறுகி உடைவதில்லை. அந்தச் சுவரின் கிரீஸ் காய்ந்தால் ஸ்பிரிங் நிறையுமுன்பே வழுக்கிவிடும். பேரலும் சரியென்றால் சக்கரங்களின் எண்ணெய் காய்ந்திருக்கிறது. முழு சர்வீஸ் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் போன வாரத்திலிருந்து நாளுக்கு 20 நிமிடம் முந்துகிறது. விசைப்படகில்தான் வேலை.
- வாசகர், மண்டபம்

பதில்: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொடவே விடாதீர்கள். 7எஸ்26 போன்ற மெஷின் என்றால், மணிக்கு 21,600 முறை துடிக்க வேண்டிய பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்), 300 முறை கூடுதலாகத் துடிக்கிறது. திடீரென்று இப்படி ஆனால் பெரும்பாலும் காந்தம்தான்: பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு அதன் நீளம் குறைந்துவிடும். வயர்லெஸ் ஸ்பீக்கர் பக்கத்தில் கழற்றி வைத்தீர்களா? படகின் திசைகாட்டி அருகில் வாட்சை மெதுவாகத் திருப்புங்கள். முள்ளும் கூடவே ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் டீமேக்னடைசர் காயிலுக்குள் வாட்சை வைத்து, கரண்ட் ஓடும்போதே கை நீளத் தூரத்துக்கு நிதானமாக வெளியே இழுத்து, பிறகே ஸ்விட்சை அணைக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது அணைத்தால் காந்தம் மறுபடி ஏறும். அதன் பிறகும் முந்தினால் ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது அடிபட்டுச் சுற்று சிக்கியிருக்கும்.

கேள்வி: பாசி எடுக்கக் கடலில் இறங்கியபோது கண்ணாடிக்குள் நீர்த்துளி வந்துவிட்டது. வெயிலில் வைக்கலாமா?
- வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம் அம்மா. நீர் ஆவியானாலும் உப்பு உள்ளேயே தங்கி, சக்கர முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். அன்றே பிரித்துக் கழுவக் கொடுங்கள், நாள் கடத்தாதீர்கள். பின்மூடி, கிரௌன் இரண்டின் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள்; பழையதையே திருப்பிப் போட்டால் அடுத்த முறையும் இதே கதிதான். நீருக்குள் கிரௌனை இழுக்கவே கூடாது. கரைக்கு வந்ததும், கிரௌன் முழுக்க உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.