மாதவிலக்கு வலியும் எம்சி கணக்கும்: மனிதவளப் பிரிவு அக்காவிடம் கேளுங்கள்

அக்கா, எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்). மாதம் இரண்டு நாள் படுக்கைதான். ஜூலைக்குள் எம்சி (மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் விடுப்பு) எல்லாம் காலி. அப்புறம் என்ன செய்வது? (ஈசூன்)

சிங்கப்பூரின் வேலைநியமனச் சட்டப்படி, ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் எம்சி. மருத்துவமனை விடுப்போடு சேர்த்து மொத்தம் 60 நாள். லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) செய்து அன்றே வீடு திரும்பினாலும், டாக்டர் எழுதித் தரும் ஓய்வு மருத்துவமனை விடுப்பில்தான் சேரும். இது தெரியாமல் சம்பளமில்லா விடுப்பு எடுப்பவர்கள் நிறைய.

ஆனால் மாதாந்தர வலியை எம்சியால் மட்டும் சமாளிக்க முடியாது. மாதவிலக்கு விடுப்பும் இங்கே சட்டத்தில் இல்லை. அதனால் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை (வீட்டிலிருந்து வேலை, நேர மாற்றம் போன்றவை) எழுத்தில் கேளுங்கள். என்ன வேண்டும், மாதம் எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, ஏன் என்று நான்கே வரி போதும். டிசம்பர் 2024 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டியின்படி இரண்டு மாதத்துக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்லணும். "ஆள் கண்ணெதிரே இருக்கணும்" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

மேலாளர் ஆண். நோயின் பெயரைச் சொல்லணுமா?

உங்கள் விருப்பம். ஆனால் மாதாமாதம் "வயிற்றுவலி" என்றால் சாக்கு என்றுதான் நினைப்பார்கள். நாட்பட்ட நோய், சிகிச்சை நடக்கிறது என்று டாக்டர் கடிதம் வாங்கி மனிதவளப் பிரிவில் கொடுங்கள். மேலாளருக்கு அது போதும்.

குழந்தை பெற்றால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.

கர்ப்பம் மருந்து இல்லை. மாமியாருக்கு ஒரு புன்னகை போதும்.

எனக்கு ஃபைப்ராய்டு (கருப்பைக் கட்டி). தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட், நின்றபடி வேலை. வீட்டிலிருந்து எப்படிச் செய்வது? (ஜூரோங்)

முடியாதுதான் தங்கச்சி. அலுவலக வேலைக்காரர்களுக்கு உள்ள வசதி உங்களுக்கு இல்லை, அது அநியாயம். ஷிஃப்ட் மாற்றம், உட்கார்ந்து செய்யும் வேலை, கழிவறைக்கு இடைவேளை, இவற்றைக் கேளுங்கள். முதலில் ரத்தம் சோதியுங்கள். அதிக உதிரப்போக்கால் இரும்புச்சத்து குறைந்து வரும் அசதியைத்தான் பலர் சோம்பல் என்கிறார்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்காதீர்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.

எம்சி அதிகம் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அநியாயமாக நிறுத்தியதாக நினைத்தால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதத்துக்குள் டாடெமில் (வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் அமைப்பு) புகார் கொடுக்க வேண்டும். எம்சி நகல், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.