மூணு ஸ்டாருக்கு மேல் போகாதவள் பதில்கள்

(வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஐரோப்பிய ஊர்களைச் சிக்கனமாகச் சுற்றுகிறவர். இந்த இதழ் வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.)

கே: குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம், நான்கு பேர். ஐஃபிள் கோபுரம் தெரிகிற அறைதான் வேண்டும் என்கிறாள் மகள். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. எங்கே தங்கலாம்? - ஒரு வாசகர், திருச்சி

ப: மகளிடம் சொல்லுங்கள், அந்தக் கோபுரம் 330 மீட்டர் உயரம். ஊரில் எங்கெங்கோ இருந்து தலையை நீட்டும். அதைப் பார்க்கத் தனியாக வாடகை கொடுக்க வேண்டாம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். ஆற்றுக்கு எதிர்க்கரையில் டிரோக்கடேரோ படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம், காசே கிடையாது.

பாரிஸ் நகரம் 20 வட்டாரம். நடுவில் ஒன்றில் ஆரம்பித்து நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே எண் போட்டிருக்கிறார்கள். நானும் அக்காவும் தங்குவது பத்தாவது வட்டாரத்தில், கார் து நோர், கார் து லெஸ்ட் என்ற இரண்டு ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில். சார்ல் து கோல் விமான நிலையத்தில் ஏறினால் ஆர்.இ.ஆர். பி ரயில் நேரே கார் து நோரில் இறக்கிவிடும். டாக்ஸிக் காசு மிச்சம். நோத்ர் தாம் தேவாலயம் போக நாலாம் எண் மெட்ரோ போதும், மாற வேண்டியதில்லை. நிலையத்துக்குப் பின்னால் நடந்தால் லா ஷப்பல், ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. முருங்கைக்காய், கறிவேப்பிலை, நகைக்கடை, கொத்து ரொட்டி எல்லாம் ஒரே வரிசையில். கோடை முடிகிற சமயம் போனால் மாணிக்க விநாயகர் கோயில் தேர் இந்த வீதிகளில்தான் வரும். பாரிஸ் நடுத்தெருவில் சூறைத் தேங்காய் உடைபடுவதைப் பார்க்கலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது அழகான வட்டாரம் இல்லை. ஸ்டேஷன் பக்கம் என்றால் கூட்டமும் பிக்பாக்கெட்டும் இருக்கத்தான் செய்யும். பாஸ்போர்ட்டை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். அறை கேட்கும்போது தெருப்பக்கம் வேண்டாம், உள்முற்றத்துப் பக்கம் கொடுங்கள் என்று கேளுங்கள். வெளிச்சம் குறையும், தூக்கம் கிடைக்கும். நான்கு பேருக்கு ஒரே அறை சின்ன ஓட்டல்களில் அபூர்வம். இரண்டு அறையாகப் போடுங்கள்.

லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. பழைய கட்டடத்தில் படிக்கட்டு சுற்றிப் போகிற நடுச்சந்தில் பின்னாளில் செருகியது அது. உள்ளே பலகையில் மூன்று பேர் என்று போட்டிருக்கும். நானும் ஒரு பெட்டியும் ஏறினால் கதவு மூடாது. அதனால் அக்கா முதலில் மேலே போய் நின்றுகொள்வாள். நான் பெட்டியை மட்டும் உள்ளே வைத்து, பட்டனை அழுத்திவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். ஒரு தடவை இரண்டாம் மாடியில் யாரோ பட்டனை அழுத்திவிட, எங்கள் பெட்டி ஒரு பிரெஞ்சுக் கிழவரோடு கீழே திரும்பி வந்துவிட்டது. அவர் எனக்கு ஒரு பொன்ழூர் (அவர்கள் ஊர் வணக்கம்), பெட்டிக்கு ஒரு பொன்ழூர் சொல்லிவிட்டுப் போனார்.

கே: இரண்டு ஸ்டார், மூன்று ஸ்டார் என்பதை நம்பலாமா? - ஒரு வாசகி, ஈரோடு

ப: நட்சத்திரம் என்பது எண்ணிப் பார்க்கிற விஷயங்களுக்குக் கொடுப்பது. அறை எத்தனை சதுர மீட்டர், வரவேற்பில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்கிறது, இந்த மாதிரி. பிரான்சில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். விதி நாட்டுக்கு நாடு வேறு, அதனால் ரோமின் மூன்றையும் பாரிஸின் மூன்றையும் ஒப்பிடாதீர்கள். மெத்தை குழிந்திருக்கிறதா, வரவேற்பில் இருக்கிற பெண் சிரிப்பாளா என்பதெல்லாம் நட்சத்திரக் கணக்கில் வராது. நான் பார்ப்பது மூன்றே: ஸ்டேஷனிலிருந்து நடை தூரம், லிஃப்ட், போன மாதம் தங்கியவர்கள் எழுதின குறை. புகழ்ச்சியைப் படிப்பதில்லை.

கே: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிவறையில் தண்ணீர் உண்டா? - பெயர் வேண்டாம், நாகர்கோவில்

ப: கூச்சம் எதற்கு? எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதுதான்.

இத்தாலிக்குப் போனால் கவலையே இல்லை. வீட்டுக் குளியலறையில் பிடே இருந்தே ஆக வேண்டும் என்று 1975இல் அங்கே அரசாணையே போட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் ஓட்டல்களிலும் பெரும்பாலும் இருக்கும். கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு தாழ்ந்த பீங்கான் தொட்டி, அதற்கொரு குழாய். கால் கழுவ வைத்திருக்கிறார்கள் என்று நம்மூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பின்லாந்தில் நம்மைப் போலவே கைக்குழாய் மாட்டியிருப்பார்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் காகிதம்தான். ஒரு பிளாஸ்டிக் சொம்பு பெட்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கும்? அதற்குள் சாக்ஸைத் திணித்து எடுத்துப் போங்கள். தரையில் மட்டும் தண்ணீர் கொட்டாதீர்கள், நிறைய இடத்தில் குளிக்கிற தொட்டிக்கு வெளியே தரையில் வடிகால் இருக்காது.

கே: வெனிஸில் அறை வாடகை பயமுறுத்துகிறது. தீவுக்கு வெளியே தரைப்பக்கம் இருக்கிற மெஸ்த்ரேயில் தங்கி ரயிலில் போய் வந்தால் போதாதா? - ஒரு வாசகர், சென்னை

ப: போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மெஸ்த்ரேயிலிருந்து வெனிஸ் தீவில் இருக்கிற சாந்தா லூசியா ஸ்டேஷனுக்கு ரயிலில் பத்து நிமிடம்தான். பாதி வாடகைக்குப் பெரிய அறை கிடைக்கும். ஆனாலும் நான் எதிர்க்கட்சி.

வெனிஸில் பகல் என்பது கூட்டம். காலையில் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிறவர்கள் சாயங்காலம் கிளம்பிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகும், மறுநாள் காலை அவர்கள் வருவதற்கு முன்னாலும்தான் அந்த ஊர் நம் கைக்கு வரும். காலை ஏழு மணிக்கு ரியால்டோ பாலத்துப் பக்கம் போங்கள். காய்கறி ஏற்றின படகு வந்து நிற்கும், குப்பைக்கும் படகு, சிமென்ட் மூட்டைக்கும் படகு. மெஸ்த்ரேயில் படுத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது. இரண்டு இரவு மெஸ்த்ரே என்று போட்டிருந்தால் அதை ஒரே இரவாக்கித் தீவுக்குள் போடுங்கள். செலவு ஏறக்குறைய அதேதான்.

பெட்டிதான் அங்கே பிரச்சினை. வெனிஸில் ஆட்டோ கிடையாது, டாக்ஸி என்றால் படகு, அதன் கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும். பொதுப் படகான வாபரெத்தோவுக்கே 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. நடந்தால் பாலத்துக்குப் பாலம் படி. அதனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா என்றொரு தெரு. குலியே பாலம் வரைக்கும் ஒரு படிகூட ஏற வேண்டாம். அந்தத் துண்டில் சாதாரண ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன. தெரு என்னவோ பொம்மைக் கடையும் பீட்சா கடையுமாகச் சுமார்தான், ஆனால் அக்காவின் முழங்கால் தேர்ந்தெடுத்த தெரு அது.

2024 முதல், கூட்டம் அதிகமான சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது, மெஸ்த்ரேயில் தங்கினாலும் கிடையாது. ஆனால் விலக்குச் சீட்டை இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கே: அறைக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. ரோமில் கிளம்பும்போது தனியாகக் காசு கேட்டார்கள். ஏமாற்றுதானே? - ஒரு வாசகர், சேலம்

ப: ஏமாற்று இல்லை, ஊர் வரி. ரோமில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நட்சத்திரத்தைப் பொறுத்து வாங்குகிறார்கள், மூன்று ஸ்டாருக்கு 6 யூரோ. இரண்டு பேர் நான்கு இரவு என்றால் 48 யூரோ போய்விடும். ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 சதவிகிதம். புக்கிங் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ரசீது கேட்டு வாங்குங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று ரசீதும் தராமல் இழுக்கிறவரிடம் மட்டும் சந்தேகப்படுங்கள்.

கே: மோனா லிசாவைப் பார்த்து ஏமாந்தேன். இப்படி ஏமாற்றுகிற இடங்களைச் சொன்னால் மிச்சப்படுத்துவேன். - ஒரு வாசகி, மதுரை

ப: 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், நடுவே கண்ணாடி, முன்னால் நூறு செல்போன். வேறென்ன எதிர்பார்த்தீர்கள்? நீங்கள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு எதிர்ச்சுவரில் வெரோனேசே வரைந்த கல்யாண விருந்து தொங்குகிறது. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், அந்த மண்டபத்திலேயே பெரிய படம், எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். (அவள் இருக்கிற லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். மாற்றிப் போய் வாசலில் நிற்காதீர்கள்.)

பிரசல்ஸில் சிறுநீர் கழிக்கிற பையன் சிலை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். தெரு முனையில் இருப்பது நகல், அசல் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்து அருங்காட்சியகத்தில். கோபன்ஹேகன் கடற்கன்னி 1.25 மீட்டர். இரண்டுக்கும் தனியாக மெனக்கெட வேண்டாம், போகிற வழியில் இருந்தால் பாருங்கள்.

காசில்லாமல் அள்ளிக்கொடுக்கிற இடம் ரோமின் தேவாலயங்கள். பியாசா நவோனா பக்கத்தில் சான் லுயீஜி தெய் ஃபிரான்சேசி என்று ஒரு கோயில். உள்ளே இடது பக்கம் கடைசியில் ஒரு சின்ன அறையில் காரவாஜ்ஜோ வரைந்த மூன்று படங்கள், மூன்றும் இயேசுவின் சீடர் மத்தேயுவின் கதை, 1600ஆம் ஆண்டையொட்டி வரைந்தவை. அறை இருட்டு. பக்கத்தில் ஒரு பெட்டி, காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணையும். அணைந்ததும் அத்தனை பேரும் அடுத்தவர் பையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி, அவள் பர்ஸைத் திறந்து நான் பார்த்ததில்லை. விளக்கு எரிந்ததும் இடது பக்கப் படத்தில் வரி வசூலிக்கிற மேசையைப் பாருங்கள். கிறிஸ்து கையை நீட்டி மத்தேயுவைக் கூப்பிடுகிறார். மேசை முனையில் ஒரு பையன் மட்டும் நிமிரவே இல்லை, காசு எண்ணிக்கொண்டிருக்கிறான். முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்த எனக்கு அவனைத்தான் பிடித்தது. மதியம் சாத்திவிடுவார்கள், காலையில் போங்கள்.

கே: ஏ.சி. இல்லாத ஓட்டல் என்றால் வாடகை குறைகிறது. ஐரோப்பாதானே, குளிராகத்தானே இருக்கும்? - ஒரு வாசகர், வேலூர்

ப: வேலூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! 2019 ஜூலை 25இல் பாரிஸில் 42.6 டிகிரி. அங்கே சின்ன ஓட்டல்களில் மின்விசிறிகூடக் கூரையில் இருக்காது. ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஏ.சி.க்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசி மாடியை மட்டுமாவது தவிருங்கள். மே அல்லது செப்டம்பர் என்றால் தேவையில்லை.

கே: வியன்னாவில் ஒரு மாலை ஓபரா பார்க்க ஆசை. டிக்கெட் விலை எங்களுக்கு எட்டாது. - ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ப: எட்டும். அரசு ஓபராவில் நின்று பார்க்கிற இடம் உண்டு, 20 யூரோவுக்குள் முடியும், நிகழ்ச்சி நாளன்று விற்பார்கள். சீக்கிரம் போய் முன்வரிசைக் கம்பியைப் பிடியுங்கள். பிடித்ததும் அதில் ஒரு கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் இடம் உங்களுடையது, வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நாங்கள் துப்பட்டாவைக் கட்டினோம். கம்பியில் சின்னத் திரை இருக்கும், பாடுகிற வரிகள் ஆங்கிலத்தில் ஓடும். கால் வலித்தால் இடைவேளையில் கிளம்பிப் போய்விடுங்கள், ஒரு குற்றமும் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஓபராவுக்கு விடுமுறை.

அந்த ஊரில் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். 1873இலிருந்து மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிறார்கள்.

கே: விசாவுக்கே ஓட்டல் புக்கிங் கேட்கிறார்கள். விசா கிடைக்காவிட்டால் பணம் போச்சா? - ஒரு வாசகர், தூத்துக்குடி

ப: இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். நூறு இருநூறு கூடுதல் என்றாலும் பரவாயில்லை. 90 யூரோ விசாக் கட்டணம்தான் திரும்பி வராது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கே: விமானம் காலை ஆறு மணிக்கு இறங்குகிறது. அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்குமாம். அதுவரை பெட்டியோடு எங்கே போவது? - ஒரு வாசகி, கும்பகோணம்

ப: நேரே ஓட்டலுக்குப் போங்கள். எவ்வளவு சின்ன இடமானாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் இலவசம். சிரித்த முகமாகக் கேட்டால் அறை காலியாக இருந்தால் பதினொரு மணிக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. மாத்திரை, பாஸ்போர்ட், நகை, ஒரு மாற்றுச் சட்டை இவற்றைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு பிறகு பெட்டியைக் கொடுங்கள். சில இடங்களில் பெட்டி வைக்கிற இடம் என்பது மாடிப்படிக்கு அடியில் பூட்டில்லாத மூலை. உள்ளே ஊறுகாய் பாட்டில் இருந்தால் பெட்டியை நிமிர்த்தி வைக்கச் சொல்லிக் காட்டிவிட்டு வாருங்கள்.

(லிஸ்பன் 28ஆம் எண் டிராம் பற்றிக் கேட்ட காரைக்குடி வாசகருக்கும், முட்டைகூடச் சாப்பிடாதவர்களுக்குக் காலை உணவு என்ன என்று கேட்ட நான்கு பேருக்கும் அடுத்த இதழில்.)