பிக்காச்சுவுக்குள் ஜாக்கெட் நுழைய வேண்டும்

தங்கச்சி, மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகும் ஹாலோவீனுக்கு, முதலாம் வகுப்புப் படிக்கும் மகன் போக்கிமான் கார்ட்டூனில் வரும் மஞ்சள் பிக்காச்சு வேடம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், வீட்டில் தைக்கலாமா என்பது ஒன்று. வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு இனிப்பு வாங்கி வைப்பது என்பது இன்னொன்று. சைவக் குடும்பத்தில் இதையெல்லாம் செய்யலாமா என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதை உங்கள் மாமியாரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இனிப்புக் கணக்கு தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வேடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

உடுப்பைப் பற்றி யோசிக்கும் முன் அதற்கு உள்ளே என்ன போடப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். நீங்கள் இந்த வசந்தத்தில்தான் கனடாவுக்கு, டொரொண்டோவின் ஸ்காபரோவுக்கு வந்தீர்கள். அக்டோபர் 31 மாலை இங்கே எப்படி இருக்கும் என்று இன்னும் தெரியாது. மழை பெய்யலாம், லேசாகப் பனியும் கொட்டலாம். கடையில் தொங்கும் மெல்லிய பாலியஸ்டர் வேடங்கள் எல்லாம் கலிபோர்னியாப் பிள்ளைகளை நினைத்துத் தைத்தவை. அதைப் போட்டு மேலே குளிர் ஜாக்கெட்டை மாட்டினால் வேடம் ஒருவருக்கும் தெரியாது, பிள்ளை முதல் வீட்டு வாசலிலேயே அழத் தொடங்கிவிடும். எனவே மஞ்சள் ஹூடி ஒன்றை இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள். ஜாக்கெட் அதற்குள்ளே போகட்டும். பிக்காச்சு கொழுத்த உருவம்தானே, பொருத்தமாகவே இருக்கும்.

பழைய உடுப்பு விற்கும் வேல்யூ வில்லேஜ் கடையில் செப்டம்பரிலேயே தேடத் தொடங்குங்கள். ஒருவர் கழித்த உடுப்பை நம் பிள்ளைக்குப் போடுவதா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். அவர்களே கடையில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய வேடத்தின் ஜிப் பாடசாலை வாசலில் பிய்ந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

காதுக்கு மஞ்சள் ஃபெல்ட் துணி, நுனிக்குக் கறுப்பு. உள்ளே கார்ட்போர்ட் மட்டையை வைக்காதீர்கள், மழையில் ஊறித் தொங்கிவிடும். பழைய பிளாஸ்டிக் கோப்பு உறையை வெட்டி வைத்தால் நிமிர்ந்து நிற்கும். ஆனால் காதின் பாரம் ஹூடியின் தலைப்பகுதியைப் பின்னால் இழுக்கும். அதற்காகக் கழுத்தில் நாடா கட்டவே கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. உள்ளே போடும் கம்பளித் தொப்பியோடு சேர்த்து இரண்டு தையல் போட்டுவிடுங்கள். குளூ கன்னை நம்ப வேண்டாம். அந்தப் பசை குளிரில் இறுகி விட்டுப்போய், மூன்றாவது வீட்டில் காது கையோடு வரும். ஊசியும் நூலும்தான் நிற்கும்.

முதுகில் இரண்டு பழுப்புப் பட்டைகள். வால் மின்னல் வடிவம், அடியில் மட்டும் பழுப்பு நிறம். வாலை நிரந்தரமாகத் தைத்தால் வகுப்பில் உட்கார முடியாது, எனவே வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். கன்னத்துச் சிவப்பு வட்டத்தை முகப்பூச்சால் போடலாம். முதல் நாளே கையில் தடவித் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். முகமூடி வேண்டாம். படியும் தெரியாது, காரும் தெரியாது. பல பாடசாலைகள் அதை அனுமதிப்பதும் இல்லை. காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். வாசலில் வைக்கும் பூசணிக்காய்க்குள் உண்மையான மெழுகுவர்த்தி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஃபெல்ட் துணி தீக்கு அருகில் போகக்கூடாது.

இன்னொன்று. ஒரே துண்டாகத் தைத்து முதுகில் ஜிப் வைக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை அவசரத்துக்கு யாரைப் போய்க் கூப்பிடும்? ஆசிரியைக்கு இருபது பிள்ளைகள். மேல் வேறு, கீழ் வேறாக இருக்கட்டும்.

நான் வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. அப்போது அக்டோபர் கடைசி ஞாயிறிலேயே கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள். ஹாலோவீன் அன்று ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். 2007இல்தான் அதை நவம்பருக்குத் தள்ளினார்கள். இப்போது ஆறு மணிக்கும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. நாங்கள் அடுக்குமாடியில் இருந்தோம். அங்கே பிள்ளைகள் மாடி மாடியாக நடைவழியிலேயே போவார்கள், குளிர்த் தொல்லை இல்லை. எதிர்வீட்டுக் கயானாக்காரி தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, என் பழைய கிளிப்பச்சைச் சேலையில் மகளுக்கு வண்ணத்துப்பூச்சி இறக்கை தைத்துக் கொடுத்தாள். ஜரிகைக் கரை இறக்கையின் ஓரத்தில் வரும்படி வெட்டினாள். கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய சேலை அது. கத்தரி போட்டபோது எனக்கு வயிறு கலங்கியது, ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். கழுத்தில் யுனிசெஃபின் செம்மஞ்சள் உண்டியல் பெட்டி. அதைப் பாடசாலையில் கொடுப்பார்கள்; பிள்ளைகள் இனிப்போடு சில்லறையும் சேர்த்துக்கொண்டு வருவார்கள். 2006இல் அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது இன்னும் மனக்குறைதான்.

என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அன்றைக்கு எங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "கடல் கடந்து வந்தது பிள்ளைகளை வீடு வீடாகப் பிச்சைக்கு அனுப்பவா?" என்று கேட்டார். இன்றைக்கு அவர் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிறார். வாசலில் 12 அடி எலும்புக்கூடு நிற்கிறது, வருகிற பிள்ளைகளுக்கு முழு அளவு சாக்லேட். போன வருடம் தன் வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று தொலைபேசியில் அரைமணி நேரம் சொன்னார். நீங்களும் மகனை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகலாம், எலும்புக்கூட்டைப் பார்த்தாலே வீடு தெரிந்துவிடும்.