அம்பாசிடரின் பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கிறது. கோளாறு எங்கே?

ஷாக் அப்சார்பர் மாற்றியும் சாய்வு போகவில்லை என்கிறீர்கள். போகாதுதான். பின்பக்க எடையைத் தாங்குவது பட்டைகள், அதாவது அடுக்கடுக்காக இருக்கும் லீஃப் ஸ்பிரிங்குகள். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை மட்டுமே அடக்கும்.

டிக்கியைக் காலி செய்து, சமதரையில் நிறுத்தி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிடுங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் சேர்ந்து குழப்பும். மட்கார்டில் டிங்கரிங் வேலை நடந்திருந்தால் அந்த அளவையும் நம்ப முடியாது. அப்போது பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கும் நேர் மேலே உள்ள பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள்.

அப்புறம் பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்பக்கக் கிராஸ் மெம்பரின் (குறுக்குச் சட்டம்) நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். பின்பக்கம் நேராகிவிட்டால் முன்பக்க டார்ஷன் பாரைத்தான் (முறுக்கத்தால் ஸ்பிரிங் போல எடை தாங்கும் கம்பி) பார்க்க வேண்டும்.

அப்போதும் சாய்கிறதா? சரி, பட்டை அடுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஒடிசல் பெரும்பாலும் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துளையருகே, பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட் பிளேட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சமீபத்தில் பட்டை முனையில் உள்ள ரப்பர் புஷ் மாற்றியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். சக்கரம் தொங்கும்போதே போல்டை இறுக்கினால், ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். லூஸ் செய்து, சக்கரம் தரையில் இருக்கும்போது இறுக்கினால் தீர்ந்தது. பட்டையே மாற்றுவதானால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.